மூன்று மாத வேலை, மூன்றரை நிமிடப் பாட்டு: பகிள்ஸ் இருவரின் ஒரே வெற்றி

1979 அக்டோபர் 20-ஆம் தேதியிட்ட பிரிட்டிஷ் சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு இசைத்தட்டு) பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு, பகிள்ஸ் குழுவின் 'வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்'. அந்த இடத்தில் அது இருந்தது ஒரே வாரம். அதற்கு முன் மூன்று வாரம் போலீஸ் குழுவின் 'மெசேஜ் இன் எ பாட்டில்' இருந்தது. அடுத்த வாரமே ஸ்காட்லாந்துப் பாடகி லீனா மார்ட்டெல் ஒரு பக்திப் பாட்டோடு வந்து உட்கார்ந்து மூன்று வாரம் நகரவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏழு நாள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பாட்டைத்தான், நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் 'ஒரே பாட்டுக் குழு' என்ற பேச்சு வந்தால் முதலில் சொல்கிறார்கள்.

கணக்குப் பார்த்தால் அந்தப் பட்டம் பிரிட்டனில் செல்லாது. அதே குழுவின் அடுத்த சிங்கிள் 1980-இல் 16-ஆம் இடம்வரை போனது. அதற்கடுத்தது 38, நான்காவது 55. படிக்கட்டில் இறங்குவது போன்ற வரிசைதான், ஆனாலும் ஒன்று மட்டும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் வேறு கதை. பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இந்தப் பாட்டின் உச்சம் 40. அங்கே 'டாப் 40'-க்குள் வந்தால்தான் ஹிட் என்பது வழக்கம். இன்னும் ஓர் இடம் கீழே நின்றிருந்தால் அமெரிக்கக் கணக்கில் இவர்களுக்கு அந்த ஒரு ஹிட் கூட இருந்திருக்காது. மறுபக்கம் ஆஸ்திரேலியாவில் அதே பாட்டு ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஒரு பாட்டோடு காணாமல் போன குழுக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் அதிர்ஷ்டம், கம்பெனியின் அலட்சியம், குழுவுக்குள் சண்டை. பகிள்ஸுக்கு இது எதுவும் பொருந்தாது. பகிள்ஸ் என்பது மேடையேறி வாசிக்கும் இசைக்குழுவாகவே இருந்ததில்லை. அது ஒரு பட்டறை. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மட்டும் செய்யக்கூடிய ஒரு பொருளைச் செய்ய இருவர் போட்டுக்கொண்ட பெயர் அது. பாட்டு ஏன் அப்படி ஒலிக்கிறது, இரண்டாவது ஹிட் ஏன் வரவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது.

யார் இவர்கள்

ட்ரெவர் ஹார்ன் 1949-இல் இங்கிலாந்தின் டரம் பகுதியில் பிறந்தவர். பேஸ் கிட்டார் கலைஞர். ஜெஃப் டவுன்ஸ் 1952-இல் ஸ்டாக்போர்ட்டில் பிறந்த கீபோர்டுக்காரர். விளம்பரங்களுக்கான ஜிங்கிள் வேலை செய்து பழகியவர். மூன்றாமவர் பாட்டெழுதும் ப்ரூஸ் வூலி. ஹார்னும் டவுன்ஸும் சந்தித்தது டிஸ்கோ பாடகி டினா சார்ல்ஸின் பின்னணிக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது.

இங்கே இந்திய வாசகர்கள் நிமிர்ந்து உட்காரலாம். டினா சார்ல்ஸை 1976-இல் பிரிட்டிஷ் முதலிடத்துக்குக் கொண்டுபோன தயாரிப்பாளர் பெங்களூரில் பிறந்த பித்து (Biddu). 'ஆப் ஜைசா கோயி' பாட்டின் இசையமைப்பாளர் என்றால் நம் ஊரில் சட்டென்று தெரியும். அறைந்து இறங்கும் பேஸ் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), இடைவெளி விடாத தாளம், எங்கே எது நுழைய வேண்டும் என்று அளந்து வைத்த ஏற்பாடு எல்லாம் பித்துவின் டிஸ்கோ பாடல்களில் இருந்தவை. அவற்றை ஹார்ன் பக்கத்தில் இருந்து கேட்டவர். பகிள்ஸ் பாட்டை நியூ வேவ் (பங்க் ராக்கை ஒட்டி வந்த பாப் வகை) என்று வகைப்படுத்துகிறோம், சரிதான். அதன் அடித்தளத்தை மட்டும் தனியாகக் கேட்டால் அங்கே இருப்பது டிஸ்கோ.

மெட்டு ஒரு மதியத்தில்

1978-இல் லண்டன் விம்பிள்டன் பார்க் பகுதியில், கல்லறைக் கல் செதுக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் டவுன்ஸ் குடியிருந்தார். அங்கே ஒரு மதியம், சுமார் ஒரு மணி நேரத்தில் மூவரும் சேர்ந்து பாட்டை முடித்தார்கள். பல்லவியின் மூலத்துண்டு வூலி கொண்டுவந்தது. பாட்டை மெட்டமைக்க ஒரு மணி நேரம், பதிவுசெய்து முடிக்க மூன்று மாதத்துக்கும் மேல். இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

பாட்டின் கருவுக்கு வித்து ஜே. ஜி. பாலர்டின் 1960-ஆம் ஆண்டுச் சிறுகதை 'த சவுண்ட்-ஸ்வீப்'. மனிதர் பாடும் இசை வழக்கொழிந்துபோன ஓர் எதிர்காலம். சுவர்களில் ஒட்டிக்கொண்ட பழைய ஒலிகளை உறிஞ்சி எடுக்கும் வேலை பார்க்கும் பேச்சற்ற இளைஞன், கைவிடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் வாழும் ஒரு பழைய ஓப்பரா பாடகி. பாட்டிலும் அந்தக் கைவிடப்பட்ட கூடம் வருகிறது. 1952-இல் வானொலியில் குரல் கேட்ட ஒருவரை நினைத்துக்கொள்வதில் தொடங்கி, சிம்பொனியை எந்திரம் திருத்தி எழுதிவிட்டது என்ற புலம்பலுக்குப் போகிறது. ஒலிக்கு முன்மாதிரி ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் குழு 1978-இல் வெளியிட்ட 'த மேன்-மெஷின்'. எந்திரத்தைக் குறைசொல்லும் பாட்டை எந்திரம் போலவே செய்து காட்டுவது என்ற விளையாட்டு அங்கிருந்துதான் வருகிறது.

நம் காதுக்கு எப்படி

சுருதி டி ஃபிளாட் மேஜர். நம் கணக்கில் ஒன்றரைக் கட்டை, ஸ்வரங்கள் பெரும்பாலும் சங்கராபரணத்துக்குள் அடங்கும். நிமிடத்துக்கு 132 அடி, நாலு அடிக்கு ஒரு பார். ஓர் அடிக்கு 0.45 விநாடி, ஒரு பாருக்கு 1.82 விநாடி. சிங்கிளின் நீளம் 3 நிமிடம் 25 விநாடி. அதாவது மொத்தமே சுமார் 113 பார். அந்த 113 பாருக்குள் இவர்கள் அடைத்திருக்கும் சமாசாரம் அதிகம். பியானோ முகப்பு, ஆண் குரல் சரணம், பெண் குரல்களின் ஹம்மிங், பெண்கள் கூட்டாகப் பாடும் பல்லவி, கருவியிசை இடையீடு, கடைசியில் தாளம் விலகி நிற்கும் பகுதி. எந்தப் பகுதியும் அலுக்கும் அளவுக்கு நீள்வதில்லை. டவுன்ஸின் ஜிங்கிள் பயிற்சி இங்கே வேலை செய்கிறது. முப்பது விநாடி விளம்பரத்தில் நாலாவது விநாடிக்குள் காதைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காசு வீண்.

உற்றுக் கேட்க வேண்டியது குரல்களின் பங்கீட்டை. சரணத்தில் ஹார்னின் குரல் பழைய வால்வு ரேடியோவிலிருந்து வருவதுபோல ஒடுங்கி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் 'ஓ அ ஓ' ஹம்மிங்கும் பல்லவியும் பளிச்சென்று அகலமாக இருக்கின்றன. பாடியவர்கள் டெபி டாஸ், லிண்டா ஜார்டிம். ஆண் குரல் 1952, பெண் குரல்கள் 1979. பாட்டு சொல்லவந்த கதையைச் சொற்கள் சொல்வதற்கு முன்பே குரலின் தன்மை சொல்லிவிடுகிறது. அந்த ஆண் குரலைச் சாதாரணமாகப் பதிவுசெய்து வைத்திருந்தால் கேட்க இனிமையான ஒரு பாப் பாட்டு கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

அந்த ரேடியோக் குரல்

இன்று எந்த ஒலி மென்பொருளிலும் 'டெலிஃபோன்' என்ற ஒரு சொடுக்கு இருக்கிறது. 1979-இல் அது கிடையாது, இருந்திருந்தாலும் போதாது. முதலில் ஊதுகுழல் ஒலிபெருக்கி போன்ற ஒன்றை முயன்று பார்த்தார்கள். காதைக் கிழித்தது. பிறகு ஒலிப்பொறியாளர் கேரி லாங்கனும் ஹார்னும் கண்ட வழி, டைனமிக் மைக்கில் பாடிய குரலை வாக்ஸ் ஏசி30 என்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குள் செலுத்தி அதன் ஒலியை எடுப்பது. அதன்மேல் கம்ப்ரஷனும் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்துவது) ஈக்வலைசரும் (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது) போட்டார்கள். குறிக்கோள் ஒன்றே: குரல் எல்லாவற்றுக்கும் மேலே சத்தமாக நிற்க வேண்டும், ஆனால் குத்தக் கூடாது.

ஏன் ஆம்ப்? தொலைபேசித் தடம் கடத்துவது சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை. ஈக்வலைசரில் அந்த எல்லைக்கு வெளியே உள்ளதை வெட்டினால் தொலைபேசிக் குரல் வரும். ஆனால் அது மெலிந்த குரல். மார்பு ஒலியும் மேல் பளபளப்பும் போய்விட்டதால் டிரம்ஸ் வந்ததும் அடியில் புதைந்துவிடும். சரிசெய்ய ஒலியைக் கூட்டினால் 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி ஊசிபோலக் குத்தும். நம் காதின் கூர்மை அதிகம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். ஏசி30 இந்த முடிச்சை இரண்டு வகையில் அவிழ்க்கிறது. அதிலுள்ள இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள் கிட்டாருக்கானவை. சுமார் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் அவை தாமாகவே சரிந்துவிடுகின்றன, கத்தி வைத்து வெட்டியதுபோல் இல்லாமல் மெதுவாக. இரண்டாவது, வால்வுகள் தாங்கும் அளவைத் தொட்டு நிரம்பும்போது குரலுக்குப் புதிய மேல்சுரங்கள் சேர்கின்றன. வெட்டி எடுத்த இடத்தில் வேறொன்று வளர்வதால் குறுகிய குரலும் கனமாக ஒலிக்கிறது.

இதை இப்போது செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நாலு இடத்தில் வழுக்குகிறார்கள்.

முதலாவது மட்டம், அதாவது உள்ளே கொடுக்கும் மின்குறியின் அளவு. பதிவுக்கருவியிலிருந்து வெளிவரும் லைன் மட்டம் ஒரு கிட்டார் தரும் மட்டத்தைவிடப் பல மடங்கு அதிகம். 20 டெசிபல் அளவுக்காவது குறைத்துத்தான் ஆம்பின் வாயில் கொடுக்க வேண்டும். அப்படியே சொருகினால் முதல் வால்விலேயே உடைந்து கரகரக்கும், பிறகு ஆம்பின் திருகை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் கரகரப்பு போகாது. இதற்கென்றே விற்கும் ரீஆம்ப் பெட்டி மட்டத்தைக் குறைப்பதோடு எர்த் தொடர்பையும் பிரித்துவிடும். பிரிக்காவிட்டால் 'ஹம்' என்ற மின்சார முனகல் வரும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எப்படியும் வெட்டப்போகிறோம், 50 ஹெர்ட்ஸ் முனகல் என்ன செய்யும் என்று கேட்கலாம். அதன் மடங்குகளான 350, 450 ஹெர்ட்ஸ் வெட்டுக்குத் தப்பிக் குரலோடு உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது வரிசை. கம்ப்ரஸர் ஆம்புக்கு முன்னாலும் வேண்டும். பாடகர் மெதுவாகச் சொல்லும் அசை ஆம்பில் சுத்தமாகவும் உரக்கச் சொல்வது உடைந்தும் வந்தால் ஒரே வரியில் இரண்டு ரேடியோ கேட்கும். 4-க்கு 1 என்ற விகிதத்தில் 6 முதல் 10 டெசிபல்வரை அமுக்கி, சமமான குரலை அனுப்பினால் உடைவும் சமமாக இருக்கும்.

மூன்றாவது, எல்லோரும் செய்யும் தவறு: ஆம்ப் குரலோடு மூலக் குரலையும் கொஞ்சம் கலப்பது. தெளிவுக்காக என்பார்கள். ஸ்பீக்கரிலிருந்து மைக் 30 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் ஆம்ப் குரல் ஒரு மில்லிவிநாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தி வரும். இரண்டும் சேரும்போது சுமார் 570 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், அதற்கு மேலே சீப்புப் பல்போல அடுக்கடுக்காகப் பள்ளங்கள். குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மென்பொருளில் ஆம்ப் டிராக்கை 42 சாம்பிள் முன்னால் நகர்த்திச் சரிசெய்யலாம், 48 கிலோஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் எடுக்கும் பதிவாக இருந்தால். நாடாக் காலத்தில் அப்படி நகர்த்த வழியில்லை. மூலத்தை மூடிவிட்டு ஆம்பை மட்டும் வைப்பதே உத்தமம்.

நாலாவதுதான் முக்கியம், அது குரல் சம்பந்தப்பட்டதே இல்லை. குறுகிய குரல் குடியிருக்கும் 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் பகுதியில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. பகிள்ஸ் பாட்டின் சரணத்தில் உரத்த கிட்டார் கிடையாது. கீழே பேஸும் பேஸ் டிரம்மும், மேலே சின்னச் சின்னக் கீபோர்டு ஒலிகள், நடுவில் காலி. அந்தக் காலியிடத்தில்தான் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. இசைக்கோர்வையைத் தொடாமல் குரல் விளைவை மட்டும் நகலெடுக்கும் முயற்சிகள் தோற்பது இதனால்தான்.

பன்னிரண்டு மணி நேரமும் மூன்று மாதமும்

தாள அடித்தளம் மேற்கு லண்டனில் வர்ஜின் கம்பெனியின் டவுன் ஹவுஸ் கூடத்தில் 12 மணி நேரத்தில் பதிவானது. டிரம்ஸ் வாசித்தவர் பால் ராபின்சன். ஒலிமாதிரிகளை வைத்து ஓடும் முதல் டிரம் எந்திரமான லின் எல்எம்-1 சந்தைக்கு வந்ததே 1980-இல்தான். கருவிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் மிடி 1983-இல். ஆக 1979-இல் எந்திரம் போல ஒலிக்க வேண்டுமானால் மனிதர்தான் எந்திரம் போல வாசித்தாக வேண்டும். இந்தப் பாட்டில் ஒரு பாருக்கும் அடுத்த பாருக்கும் விரல் அகலம் பிசகாத அந்த நடை ஆளின் கையிலிருந்து வந்தது. ஹார்ன் பேஸ் டிரம் முன்னால் நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், அதில் பித்து தெரிகிறார்.

மீதிக் கருவிகளும் குரல்களும் மிக்ஸிங்கும் (எல்லா டிராக்கையும் அளவாகக் கலப்பது) கிழக்கு லண்டனின் சார்ம் ஈஸ்ட் கூடத்தில். மாதங்கள் கழிந்தது அங்கேதான். லாங்கன் நாலைந்து முறை மிக்ஸ் செய்தார். இன்றைய ஆளுக்கு இது சோம்பலாகவோ அடம்பிடித்தலாகவோ தெரியலாம். கையால் மிக்ஸ் செய்த காலத்தில் ஒவ்வொரு டிராக்கின் ஏற்ற இறக்கத்தையும் பாட்டு ஓடும்போதே விரலால் செய்ய வேண்டும். ஒரு நிலையைச் சேமித்து வைத்துவிட்டு மறுநாள் திறக்க முடியாது. ஒவ்வொரு திருகின் நிலையையும் காகிதத்தில் குறித்துவைத்து மறுபடி அமைத்தாலும் அதே ஒலி வராது. ஆகவே குரல் கொஞ்சம் தாழ்வு என்று மறுநாள் தோன்றினால் குரலை மட்டும் ஏற்றுவது நடக்காது, முழு மிக்ஸையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். நாலைந்து முறை என்றால் நாலைந்து முழுப் படையல்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பும் நமக்கு இருக்கிறது. வூலி பிரிந்துபோய் 'கேமரா கிளப்' என்ற குழு தொடங்கி, இதே பாட்டை 1979-இலேயே வெளியிட்டார். கீபோர்டில் பின்னாளில் பெயர் வாங்கிய தாமஸ் டால்பி. அதே மெட்டு, அதே சொற்கள், பாட்டின் சொந்தக்காரர்களில் ஒருவரே பாடுகிறார். நன்றாகவே வாசித்திருக்கிறார்கள், கிட்டார் துடிப்போடு, ஓர் அறையில் நின்று வாசிக்கும் குழுவின் உயிரோடு. ஆனால் அது ஓடவில்லை. அதில் 1952-க்கும் 1979-க்கும் இடையில் தூரம் இல்லை, எல்லாக் குரலும் ஒரே ஆண்டில் இருக்கின்றன. மெட்டு மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டலாம்.

படம் பின்னால் வந்தது

ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் 1979 செப்டம்பரில் சிங்கிளை வெளியிட்டது. மறுபக்கத்தில் 'கிட் டைனமோ'. வீடியோதான் இந்தப் பாட்டைத் தூக்கியது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பாட்டு வீடியோக்களுக்கென்றே வந்த அமெரிக்கச் சேனலான எம்டிவி தொடங்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. ரேடியோவின் சாவைப் பாடிய பாட்டை ரேடியோதான் முதலிடத்துக்குக் கொண்டுபோனது.

வீடியோவை எடுத்தவர் ஆஸ்திரேலியரான ரஸ்ஸல் மல்கேஹி, பின்னாளில் 1986-இல் 'ஹைலேண்டர்' படம் இயக்கியவர். தெற்கு லண்டனில் படப்பிடிப்பு. பழைய ரேடியோ முன் ஒரு சிறுமி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்க்குள் இறங்கும் வெள்ளி உடைப் பெண், தரையைப் பிளந்து எழும் தொலைக்காட்சிப் பெட்டிகள். குழாய்க் காட்சிக்கு முப்பது டேக் போனது. ஒரு டேக்கில் குழாய் சாய்ந்துவிட, அதுவும் படத்தொகுப்பில் தப்பி உள்ளே வந்துவிட்டது. கூர்ந்து பார்த்தால் கறுப்பு உடையில் கீபோர்டு வாசிக்கும் ஓர் இளைஞர் சில நொடி தெரிவார். ஹான்ஸ் ஸிம்மர்தான் அவர். பின்னாளில் 'த லயன் கிங்', 'டியூன்' படங்களுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கியவர்.

1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். எம்டிவி தன் முதல் வீடியோவாக இதைப் போட்டது. தலைப்புக்காகத்தான் தேர்ந்தெடுத்தார்கள், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அன்றைக்கு அந்தச் சேனல் மிகச் சில கேபிள் நிறுவனங்களில்தான் தெரிந்தது. நியூயார்க் நகரத்திலேயே கிடைக்காததால் சேனல் ஊழியர்கள் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சிக்குப் போய்த் தங்கள் முதல் ஒளிபரப்பைப் பார்த்தார்கள். ஆனாலும் விளைவு தெரிந்தது. ஒக்லஹோமா மாநிலத்தின் டல்சா போன்ற ஊர்களில் உள்ளூர் ரேடியோ தொடவே தொடாத பகிள்ஸ் ஆல்பத்தைக் கடைகளில் கேட்டு வாங்கினார்கள். கம்பெனிகளிடம் வீடியோவின் பலத்தை நிரூபிக்க எம்டிவி ஆட்களுக்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அது ஒன்று. குழுவுக்கு அதனால் பயன் இல்லை. அதற்குள் பட்டறையின் இரண்டு ஆட்களும் பிரிந்துவிட்டிருந்தார்கள்.

நம் பக்கத்தில் அந்த 'ஓ அ ஓ' வேறு பிறவி எடுத்தது. 1982-இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்துக்கு பப்பி லாஹிரி போட்ட 'அவ்வா அவ்வா, கோயி யஹான் நாச்சே நாச்சே' என்ற பாட்டைக் கேட்டால் விளக்கம் வேண்டியிருக்காது. பாடியவர்கள் பப்பி லாஹிரியும், மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப்பும். ரேடியோக் குரல் அதில் இல்லை. ஹம்மிங்கையும் தாளத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஜிங்கிளாக அது எவ்வளவு உறுதியானது என்பதற்கு நல்ல சோதனை: கதையை உருவிய பிறகும் நின்றது.

இரண்டாவது ஏன் வரவில்லை

ஒரு ஹிட் வந்தால் கம்பெனி உடனே கேட்பது ஆல்பமும் அடுத்த சிங்கிளும் சுற்றுப்பயணமும். ஒரு பாட்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களிடம் எட்டுப் பாட்டு கேட்டார்கள். 'த ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்' ஆல்பம் 1980 தொடக்கத்தில் வந்தது. பிரிட்டனில் அதன் உச்சம் 27. அதிலும் செய்நேர்த்தி குறையவில்லை, ஆனால் முதல் பாட்டில் ஒலியும் பொருளும் ஒன்றாக இருந்தன. பழைய ரேடியோவைப் பற்றிய பாட்டில் பழைய ரேடியோக் குரல். அடுத்தடுத்த பாடல்களில் அதே பளபளப்பு, காரணம் இல்லாமல்.

சுற்றுப்பயணம் போகவே இல்லை. போயிருந்தால் மேடையில் யார் நிற்பது? மூன்றாமவர் போய்விட்டார். பெண் குரல்களும் டிரம்ஸும் கூலிக்கு வந்தவர்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நாடாவுக்கு வாயசைத்துவிட்டு வந்தார்கள். மேடை இல்லாத குழுவுக்கு ரசிகர் கூட்டம் சேராது, பாட்டுக்குத்தான் சேரும். அடுத்த பாட்டு சுமாராக இருந்தாலும் வாங்குவேன் என்று நிற்கும் ஆயிரம் பேர் பகிள்ஸுக்கு இல்லை. 16, 38, 55 என்ற இறக்கத்தை அப்படித்தான் படிக்க வேண்டும்.

அதற்கு நடுவே 1980-இல் ஒரு வினோதம் நடந்தது. பாடகரையும் கீபோர்டுக்காரரையும் இழந்து நின்ற 'யெஸ்' என்ற பெரிய ப்ராக் ராக் (நீளமும் சிக்கலும் கொண்ட ராக் வகை) குழுவும் பகிள்ஸும் ஒரே மேனேஜரின் கீழ் இருந்தன. இருவரும் அப்படியே அதில் சேர்க்கப்பட்டார்கள். 'டிராமா' ஆல்பம் வந்தது, வட அமெரிக்கச் சுற்றுப்பயணம், மாடிசன் ஸ்கொயர் கார்டன் மேடை. யெஸ்ஸின் முன்னாள் பாடகர் ஜான் ஆண்டர்சனின் உச்சஸ்தாயிக்காக எழுதப்பட்ட பாடல்களை இரவுதோறும் பாடுவது ஹார்னின் குரலுக்குத் தாங்கவில்லை. கூடத்தில் ஒரு வரியைப் பத்துமுறை பாடி நல்லதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே உதவாது. யெஸ் குழு அந்த ஆண்டின் இறுதிக்குள் கலைந்தது. டவுன்ஸ் 'ஏசியா' குழுவுக்குப் போனார். அதன் 1982 முதல் ஆல்பம் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடம். பகிள்ஸின் இரண்டாவது ஆல்பத்தைப் பெரும்பாலும் ஹார்னே முடித்து 1981-இல் வெளியிட்டார், அது பட்டியலில் பேர் சொல்லும் இடம் எதையும் பிடிக்கவில்லை.

அதோடு ஹார்ன் பாடுவதை ஓரம்வைத்துவிட்டுப் பிறர் பாடல்களைத் தயாரிக்கத் தொடங்கினார். மனைவி ஜில் சின்க்ளேர் சார்ம் கூடத்தின் நிர்வாகி, ஆகவே கூடத்து நேரத்துக்குப் பஞ்சம் இல்லை. 1982-இல் ஏபிசி குழுவின் 'த லெக்சிகன் ஆஃப் லவ்', அடுத்த ஆண்டு அதே யெஸ் குழுவுக்கு 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்', அது 1984 ஜனவரியில் அமெரிக்க முதலிடம். அதே மாதம் பிரிட்டிஷ் முதலிடத்தில் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட் பாடிய 'ரிலாக்ஸ்', அதுவும் ஹார்ன் தயாரிப்பு. வூலியும் விலகியே இருந்துவிடவில்லை. கிரேஸ் ஜோன்ஸ் பாடிய 'ஸ்லேவ் டு த ரிதம்' பாட்டை 1985-இல் ஹார்னோடு சேர்ந்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். குரலை ஏசி30-க்குள் விட்ட கேரி லாங்கன், 'ஆர்ட் ஆஃப் நாய்ஸ்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். ஒரே ஹிட் கொடுத்த குழுவின் ஆட்கள் அடுத்த ஐந்தாண்டில் தொட்ட முதலிடங்களை எண்ணிப் பார்த்தால், குழு என்ற பலகையைக் கழற்றிய பிறகுதான் பட்டறை நன்றாக ஓடியது என்று தெரியும்.

அந்தப் பாட்டை மேடையில் முறையாகக் கேட்க உலகம் வெகுகாலம் காத்திருந்தது. 2004 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி அரீனாவில் ஹார்னின் தயாரிப்புப் பணியைக் கொண்டாடி நடந்த 'பிரின்ஸ்'ஸ் டிரஸ்ட்' அறக்கட்டளைக் கச்சேரியில் ஹார்ன், டவுன்ஸ், வூலி மூவரும் ஒரே மேடையில் அதை வாசித்தார்கள். பாட்டு எழுதப்பட்டு அப்போது 26 ஆண்டு ஆகியிருந்தது. அதற்குள் ரேடியோக் குரலை மேடையில் உண்டாக்கும் பெட்டிகள் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டிருந்தன.